இருட்டுக்குச் செலவில்லை

பாழடைந்த கோட்டை, ரத்தக் காட்டேரி, எலும்புக்கூட்டுப் படை. இப்படியோர் உலகத்தைப் பழைய வீடியோ கேம் பாணியில் படைக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. விருப்பம்போல் வரைந்துவிட்டுக் கடைசியில் ஒரு ஃபில்டர் போட்டுப் புள்ளி புள்ளியாக்கினால் போதும் என்று தோன்றும். அதில் பழைய சாயல் வரும். பழைய அச்சம் வராது. ஏன் என்று டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

1986-இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக ‘காசில்வேனியா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. டிராகுலாவின் கோட்டைக்குள் சாட்டையோடு நுழையும் வீரனின் கதை. அந்தக் கருவியின் திரையில் மொத்தமே 256-க்கு 240 புள்ளிகள். பின்னணியில் 16-க்கு 16 புள்ளி கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று நிறங்கள்தான் கிடைக்கும். நான்காவது நிறம் ஒன்று உண்டு. அது எல்லாக் கட்டங்களுக்கும் பொது.

அந்தப் பொது நிறத்தைக் கறுப்பாக வைத்துப் பாருங்கள். திரை முழுக்க இருட்டு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. ஒரு தூணில் வெளிச்சம் படும் பக்கத்தை மட்டும் மூன்று நிறத்தில் தீட்டினால் போதும், மறுபக்கம் கறுப்பில் கரைந்துவிடும். தூண் எங்கே முடிகிறது என்று தெரியாதபோது, அதன் பின்னால் என்ன நிற்கிறதோ என்று மனம் பதறத் தொடங்குகிறது.

இசையும் அப்படித்தான். கினுயோ யமஷிதா, சடோயே தெராஷிமா என்ற இருவர் இசையமைத்தார்கள். ஃபேமிகாம் சிப்பில் மெட்டுக்கு இரண்டு பல்ஸ் தடங்கள், அடிநாதத்துக்கு ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு இரைச்சல் தடம் ஒன்று, பதிவு செய்த சிறு ஒலிகளுக்கு இன்னொன்று. எதிரொலி எழுப்பத் தனி வசதி கிடையாது. அந்தக் கால இசையமைப்பாளர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: முதல் தடத்தின் மெட்டையே இரண்டாவது தடத்தில் சற்றுத் தாமதமாக, மெல்லிய ஒலியில் ஓடவிடுவது. அவ்வளவில் கல்மண்டபத்தின் முழக்கம் வந்துவிடும்.

கருவியின் குறை பயத்துக்கு உதவியது இந்த ஒரு முறை மட்டுமல்ல. 1999-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘சைலன்ட் ஹில்’லில் தொலைவிலுள்ள தெருக்களை வரைய அந்தக் கருவிக்குத் தெம்பில்லை. தொலைவை மூடுபனியால் மறைத்தார்கள். அந்த மூடுபனியே விளையாட்டின் அடையாளமாகிவிட்டது.

முழுதாக எழுதி முடித்துவிட்டுப் பிறகு சீர்களை இணைக்கும் தளையைச் சரிசெய்தால் வெண்பா அமையாது. தளையோடு யோசிக்கிறவருக்குத்தான் அது வரும். பிக்சல் ஓவியமும் அதே மாதிரிதான். ஃபில்டர் முகத்தைப் புள்ளியாக்கும். எதை வரையாமல் விடுவது என்று அதற்குத் தெரியாது.

ஸ்பெயினின் செவில் நகரத்துக் குழுவொன்று 2019-இல் வெளியிட்ட ‘பிளாஸ்பெமஸ்’ விளையாட்டு இதற்கு நல்ல பாடம். பழைய கருவியின் கெடுபிடி எதுவும் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் நாயகனின் முகத்தை இரும்பு முகமூடிக்குள் மறைத்து, தங்கள் ஊர்ப் புனித வார ஊர்வலத்தில் போகிறவர்கள் அணியும் கூம்புத் தொப்பியின் வடிவத்தில் தலைக்கவசம் வைத்தார்கள். நிழலைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

நீங்கள் தொடங்குவதென்றால், சிறு விளையாட்டுகளை உருவாக்க உதவும் ‘பிக்கோ-8’ மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: 128-க்கு 128 புள்ளி, 16 நிறம், நான்கு ஒலித்தடம். அதிலும் நான்கே நிறம் என்று உங்களுக்கு நீங்களே விதி வையுங்கள். அதில் ஒன்று கறுப்பு. ஒரே ஓர் அறையை வரையுங்கள். எந்தப் பகுதியைக் கறுப்புக்கு விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிக்கத்தான் அதிக நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.