வலிப்புக்கு ஒரு புழுவும் காரணம்!

முப்பது வயது வரை ஒரு குறையும் இல்லாதிருந்தவர்களுக்குத் திடீரென்று காக்காய் வலிப்பு வருமா? வரும். அதற்குரிய பல காரணங்களில் ஒன்று, மூளையில் போய்த் தங்கும் நாடாப்புழுவின் இளம்புழு.

என் ஓர்ப்படிக்கு 34 வயதில் முதல் வலிப்பு வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "பன்றி நாடாப்புழுவின் கட்டி" என்றார். என் மாமியாருக்குக் கோபமே வந்துவிட்டது. "முட்டைகூடத் தொடாத பொண்ணுக்குப் பன்னிப் புழு எங்கேர்ந்துடா வரும்?" என்று என் மைத்துனரைக் கேட்டார்.

நியாயமான கேள்விதான். டாக்டர் பொறுமையாக விளக்கினார். புழுக்கட்டி உள்ள பன்றி மாமிசத்தை அரைவேக்காடாகச் சாப்பிட்டால், குடலில் நாடாப்புழு வளரும். அப்படிப்பட்டவரின் மலத்தில், கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் வெளிவரும். சோப்புப் போட்டுக் கழுவாத கை, அசுத்தமான தண்ணீர், மலம் கலந்த மண்ணில் விளைந்த காய் இவற்றின் மூலம் அந்த முட்டைகள் யார் வயிற்றுக்குள் போனாலும் ஆபத்துதான். சைவம், அசைவம் என்று அதற்குப் பேதமில்லை! முட்டையிலிருந்து வரும் இளம்புழு ரத்தத்தோடு மூளைக்குப் போய், நீர்ப்பை போலத் தங்கிவிடும். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, அது அழியத் தொடங்கும்போது சுற்றிலும் வீக்கம் கண்டு வலிப்பு வருவதுண்டு.

நியூயார்க்கில், பன்றி மாமிசமே சேர்க்காத யூதக் குடும்பங்களைச் சேர்ந்த 4 பேருக்கு இந்நோய் வந்ததாக 1992-ல் மருத்துவ ஏட்டில் செய்தி வந்தது. நம் வேலூர் மாவட்டத்தில் நடத்திய ஆய்வொன்று 2006-ல் வெளியானது. அதில், வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவின் தொடர்பு தெரிந்தது.

முட்டைக்கோஸ் சாப்பிட்டால் மூளையில் புழு வரும் என்று பயந்து அதை ஒதுக்குகிறோமே, தேவையில்லை. நன்றாக வெந்தால் முட்டைகள் அழிந்துவிடும். பச்சையாகச் சாப்பிடும் வெள்ளரி, காரட், கொத்துமல்லியைத்தான் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். தோல் சீவக்கூடியதைச் சீவிவிடுங்கள். கழிப்பறைக்குப் போய்வந்தபின்பும், சமையலில் கை வைக்குமுன்பும் வீட்டில் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பன்றி மாமிசம் சமைப்பவர்கள் உள்ளே சிவப்பே தெரியாதபடி வேக வையுங்கள். மலத்தில் வெள்ளையாக நாடாத் துண்டு போல ஏதாவது தென்பட்டால் டாக்டரிடம் காட்டத் தயங்காதீர்கள். புழு இருப்பவருக்கே பெரும்பாலும் அது தெரியாது. ஆகவே யாரையும் பழிப்பதில் பயனில்லை.

வலிப்பு வந்தவர் கையில் சாவி, இரும்பு எதையும் திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீரும் புகட்டாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கூடவே இருங்கள். ஐந்து நிமிஷத்தில் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று: புழுதானே என்று கடையில் பூச்சி மாத்திரை வாங்கி நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். மூளையில் கட்டி இருக்கும்போது அதுவே வீக்கத்தை அதிகமாக்கி, வலிப்பையும் தூண்டிவிடலாம். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை ஸ்கேனைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். வலிப்பு நின்றுவிட்டதென்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் கூடாது.

இது சாபமுமில்லை, பேயுமில்லை. பலருக்கு மருந்தினால் நன்றாகக் கட்டுப்படும் வியாதி. பெண்ணுக்கு வலிப்பு என்றால் மூடி மறைக்காமல், முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.