காய்ச்சல் விட்டது, வீக்கம் விடவில்லை



விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்து பிள்ளையை இடுப்பில் தூக்கிவரும் தாய்மார் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஐயரே, காய்ச்சல் விட்டுப்போச்சு, முழங்கால் வீக்கம் ஏன் விடல?"

2006இல் சிக்குன்குனியா தமிழகத்தையே முடக்கிப்போட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். 1964லேயே சென்னையைத் தாக்கிய காய்ச்சல் அது. கொசு பரப்பும் அந்த வைரஸ் மூட்டுகளை வீங்கச் செய்யும். பெரியவர்களுக்கு மாதக்கணக்கில் இழுக்கும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சீக்கிரம் தீரும்.

ஆனால் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வீக்கம் 6 வாரம் கடந்தும் நின்றால், அது சிறார் மூட்டுவாதமாயிருக்கலாம். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் நோய் இது. பிறவியிலேயே அதற்கு இடமுள்ள பிள்ளைக்கு ஏதோவொரு வைரஸ் காய்ச்சல் அதைத் தூண்டிவிடக்கூடும் என்று மருத்துவர்கள் ஐயப்படுகிறார்கள். இன்ன வைரஸ்தான் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

"காய்ச்சல் வலிதானே" என்று தைலம் தேய்த்துக் காத்திருப்பதுதான் எனக்குப் பயம். இந்நோயில் சில பிள்ளைகளுக்கு வலியோ சிவப்போ இல்லாமலே கண்ணுக்குள் அழற்சி உண்டாகிப் பார்வையைக் கெடுத்துவிடும். கண் மருத்துவர் கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதையும் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். பல வீடுகளில் அதற்குத் தடை பஸ் சார்ஜும், அன்றைக்குப் போகும் கூலியுமே.