கயாக் தூண்டில்: முதல் துடுப்பை உங்கள் குட்டையிலேயே போடுங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும், பழனி வட்டாரத்துக் குளங்களில் கலங்கல் தெளியத் தொடங்கும். ஆயக்குடி பக்கம் கொய்யாத் தோப்புகளுக்காக வெட்டிய பண்ணைக்குட்டைகளிலும் தண்ணீர் நிற்கும். இந்த நாட்களில்தான் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் ஒரு காட்சியைக் காட்டுகிறார்கள். ஒல்லியான ஒரு படகு, அதில் ஒரே ஒரு ஆள், கையில் தூண்டில். "நாமும் இப்படி ஒன்று வாங்கிப் பார்த்தால் என்ன?" என்று கேட்கிறார்கள்.

வாங்கலாம். நல்ல பொழுதுபோக்குதான். குட்டையில் மீன் வளர்ப்பவருக்கு அதனால் பயனும் உண்டு. ஆனால் பலர் முதலில் படகை வாங்கிவிட்டு, நீச்சல், அனுமதி, லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். குளத்திலும் குட்டையிலும் மூழ்கி உயிர் போன செய்தி வராத கோடை நம் பக்கம் இல்லை. அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் லைஃப் ஜாக்கெட், அடுத்து சொந்தக் குட்டையில் பயிற்சி, அதன்பின் அனுமதி, கடைசியில் பெரிய தண்ணீர்.

கயாக்கும் பரிசலும்

கயாக் என்பது வடதுருவப் பகுதியில் வாழும் இனூயிட் மக்களின் வேட்டைப் படகு. மரம் அல்லது எலும்புச் சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்தார்கள். நம்முடைய பரிசலும் கிட்டத்தட்ட அதே யோசனைதான். மூங்கிலைக் கூடையாக முடைந்து முன்பு மாட்டுத்தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் தாள் போர்த்தித் தார் பூசுகிறார்கள். பரிசல் வட்டமானது. அதிகம் ஆடாது, ஆனால் பழகாதவர் கையில் ஒரே இடத்தில் சுற்றும். கயாக் நீளமானது. நேராகப் போகும், ஆனால் உடம்பை ஒரு பக்கம் சாய்த்தால் கவிழும்.

இன்று விற்கும் பிளாஸ்டிக் கயாக்குகளில் பெரும்பாலானவை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வார்க்கும் அதே முறையில் செய்யப்படுகின்றன. புதிதாகத் தொடங்குபவர் உள்ளே கால் நுழைத்து உட்காரும் வகையை வாங்க வேண்டாம். மேலே உட்காரும் வகையே ஏற்றது. கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் நிரம்பாது, மறுபடி ஏறி உட்காரலாம். 9 முதல் 11 அடி நீளமும் 30 அங்குலத்துக்குக் குறையாத அகலமும் இருக்கட்டும். படகில் எழுதியிருக்கும் எடை அளவில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம். உங்கள் எடை, தூண்டில், நங்கூரம், பிடிக்கும் மீன் எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் வெடிக்கும். மாட்டுக்கொட்டகை நிழலில் கவிழ்த்து வையுங்கள்.

படகு வாங்கும் முன் லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். உங்கள் எடைக்கு ஏற்ற அளவாக இருக்க வேண்டும். அணிந்து வாரை இறுக்கியபின் தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது பெரிய அளவு. ஜாக்கெட்டைப் படகில் வைத்துக்கொண்டு போவதில் பயன் இல்லை, உடம்பில் இருக்க வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதே விதிதான்.

எங்கே இறக்கலாம், எங்கே கூடாது

பழனியைச் சுற்றி 3 அணைகள் இருக்கின்றன. பாலசமுத்திரம் பக்கம் பாலாறு-பொருந்தலாறு, கொடைக்கானல் மலைச்சாலை அடிவாரத்தில் வரதமாநதி, பாப்பம்பட்டி பக்கம் குதிரையாறு. மூன்றுமே நீர்வளத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ளவை. அனுமதி இல்லாமல் படகு இறக்கக் கூடாது. அணையிலும் ஏரி, குளங்களிலும் மீன் பிடிக்கும் உரிமை உரிமம் பெற்றவர்களுக்கோ, மீன்பாசி குத்தகை எடுத்தவர்களுக்கோ உரியது. குத்தகைக்காரர் பணம் கட்டி, குஞ்சு விட்டு, காவல் இருந்து வளர்க்கிறார். அவர் குளத்தில் கேட்காமல் தூண்டில் போடுவது பக்கத்துத் தோட்டத்தில் தேங்காய் பறிப்பது போலத்தான்.

குளம் யாருடையது என்று தெரியாவிட்டால் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். திண்டுக்கல்லில் உள்ள மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் விசாரிக்கலாம். குத்தகைக்காரரிடம் நேரில் பேசி, எந்த நாள், எத்தனை பேர், எவ்வளவு மீன் என்று முடிவு செய்துகொண்டு போங்கள்.

சில இடங்களை நினைக்கவே வேண்டாம். பழனி மலைக் காடுகளின் பெரும்பகுதி கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். அங்குள்ள ஓடைகளில் மீன் பிடிப்பது குற்றம். உடுமலைக்கு அப்பால் உள்ள அமராவதி அணையில் சதுப்புநில முதலைகள் வாழ்கின்றன. தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டினாற்போல் உட்காரும் கயாக்குக்கு அது இடமே இல்லை. வையாபுரி குளம் போல ஆகாயத்தாமரை படரும் குளங்களில் துடுப்பு சிக்கிக்கொள்ளும், அவற்றையும் தவிருங்கள். எந்தக் குளமானாலும் மதகு, கலிங்கு பக்கம் போகாதீர்கள். திறந்த மதகு ஆளை உள்ளே இழுக்கும்.

முதல் பாடம் கவிழ்வது

சொந்தப் பண்ணைக்குட்டைதான் நல்ல பள்ளிக்கூடம். ஆனால் பாலித்தீன் தாள் விரித்த குட்டை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. சரிவில் பாசி பிடித்து வழுக்கும், நீந்தத் தெரிந்தவரும் கரையேற முடியாமல் களைத்துப்போவார். பயிற்சிக்கு முன் நான்கு பக்கமும் முடிச்சு போட்ட கயிறு அல்லது கயிற்றில் கோத்த பழைய டயர்களைத் தண்ணீர்வரை தொங்கவிடுங்கள். கயாக் வாங்காதவர்களும் இதை இந்த வாரமே செய்யலாம். குட்டையைச் சுற்றி வேலி இருப்பதும் அவசியம்.

தண்ணீரில் இறங்கும் முன் மோட்டாரை மெயின் சுவிட்சிலேயே நிறுத்துங்கள். மின்கசிவு தண்ணீர் வழியாகவும் தாக்கும். குட்டைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். தூக்கிப் பிடித்த தூண்டில் கம்பு கம்பியைத் தொட்டால் தப்ப முடியாது.

நெஞ்சளவு தண்ணீரில், கரையில் ஒருவரை நிறுத்திக்கொண்டு தொடங்குங்கள். அவர் கையில் 50 அடிக் கயிறும், காற்றடித்த டியூபும் இருக்கட்டும். முதல் நாள் தூண்டிலைத் தொடாதீர்கள். வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, நிமிர்த்தி, மறுபடி ஏறிப் பழகுங்கள். ஏறும்போது கால்களை நீந்துவது போல உதைத்து முதலில் வயிற்றைப் படகின் குறுக்கே போடுங்கள். பிறகு புரண்டு உட்காருங்கள். கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். உதவி இல்லாமல் தொடர்ந்து 5 முறை ஏற முடிந்தால்தான் ஆழமான தண்ணீருக்குப் போகலாம்.

வலிப்பு நோய் உள்ளவர்கள் இறங்க வேண்டாம். மது அருந்தியிருந்தால் படகைத் தொடவே கூடாது. பிள்ளைகளைத் தனியாக விடக் கூடாது.

தூண்டிலும் இரையும்

விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. உட்கார்ந்தபடி வீசுவதால் 6 முதல் 7 அடிக் கம்பு போதும். ஒரு சாதாரண ரீல், 8 முதல் 12 பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, சில அளவுகளில் முள் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

ஜிலேபிக்குச் சிறிய முள்ளில் மண்புழு. ரோகு, மிர்கால், சாதாக்கெண்டைக்குக் கோதுமை மாவோடு கடலைப் புண்ணாக்கைப் பிசைந்து சிறு உருண்டையாகக் கோர்க்கலாம். கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுமட்டத்திலும் மிர்கால் அடிமட்டத்திலும் மேயும். தக்கையை ஏற்றி இறக்கி ஆழத்தை மாற்றிப் பார்த்தால் எந்த மீன் எங்கே நிற்கிறது என்று தெரியும். விரால் புல் ஓரங்களில் பதுங்கும், உயிருள்ள சிறு மீனுக்குப் பாயும்.

மீன் வளர்ப்பவருக்கு இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. கூட்டு மீன் வளர்ப்பில் ஏக்கருக்குச் சுமார் 4,000 குஞ்சு என்ற கணக்கில், 10 சென்ட் குட்டைக்கு 400 குஞ்சுகளை கட்லா 4, ரோகு 3, மிர்கால் 3 என்ற விகிதத்தில் விடலாம். தண்ணீர் 5 அடிக்குக் குறையாமல் நிற்க வேண்டும். கோடையில் வற்றும் குட்டையானால் குஞ்சைக் குறைத்து விடுங்கள். மாதம் ஒருமுறை படகில் போய் ஆழம் பார்ப்பது, நடுக்குட்டையில் பாசி பார்ப்பது, சில மீன்களைப் பிடித்து எடை போடுவது எல்லாம் தீவனக் கணக்குக்கு உதவும். சரியான எடை பார்க்க வீச்சு வலைதான் வேண்டும், தூண்டில் ஒரு குறிப்பு மட்டுமே தரும்.

அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கினால் அன்று தூண்டில் வேண்டாம். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று பொருள். படகைக் கரையில் வைத்துவிட்டு, மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீரைத் தெளித்து விடுங்கள்.

காற்றும் இடியும்

ஆனி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பழனி சமவெளியில் பலமாக வீசும். அந்தக் காற்றில் கயாக் தக்கை போலத் தள்ளப்படும், அந்த மாதங்களில் பெரிய தண்ணீர் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் திடீர் வெள்ளமும் இடியும் இருக்கும். தை முதல் பங்குனி வரை காலை நேரம் நல்லது. எந்த நாளானாலும் முதலில் காற்றுக்கு எதிராகத் துடுப்பு போட்டுப் போங்கள். களைத்தபின் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும். இடிச்சத்தம் கேட்டாலே கரைக்கு வந்துவிடுங்கள். கார்பன் தூண்டில் கம்பு மின்சாரத்தைக் கடத்தும்.

நங்கூரக் கயிற்றைப் படகின் முனையிலோ பின்பக்கத்திலோ கட்டுங்கள். பக்கவாட்டில் கட்டினால் படகு கவிழும். கயிற்றை அறுக்க ஒரு கத்தி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். குத்தகைக் குளங்களில் தண்ணீருக்குள் வலை கட்டியிருப்பார்கள். எங்கே கட்டியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு விலகிப் போங்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது

சிவந்த குஞ்சுக்கூட்டம் மேலே மிதந்தால், அடியில் தாய், தகப்பன் விரால்கள் காவல் இருக்கின்றன. அவற்றைப் பிடித்தால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். விட்டுவிடுங்கள். மத்திய அரசு வளர்க்கத் தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் மறுபடி தண்ணீரில் விடாதீர்கள். உங்கள் குட்டை மீனை ஆற்றிலோ ஊர்க்குளத்திலோ கொண்டுபோய் விடவும் வேண்டாம். வெடி போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படி குற்றம்.

யாராவது மூழ்கினால்

குதிக்காதீர்கள். கயிறு, டியூப், நீளமான கம்பு, காலிக் கேன் எதையாவது எறிந்து பிடிக்கச் சொல்லி இழுங்கள். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து மூழ்குவது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கிறது. கரைக்குக் கொண்டுவந்தபின் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்குவது, தலைக்கு மேல் சுற்றுவது எதுவும் வேண்டாம். அதில் நேரம்தான் வீணாகும்.

மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து 2 முறை ஊதுங்கள். பிறகு நடு நெஞ்சில் 30 முறை வேகமாக, ஆழமாக அழுத்தி, மறுபடி 2 முறை ஊதுங்கள். 108 ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் செய்யுங்கள். வட்டாரக் களப்பணியாளர்கள் பண்ணைக்குட்டைப் பயிற்சி நடத்தும்போது இதையும் செய்து காட்டினால், அந்த அரை மணி நேரம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.

இந்தத் தையில் படகு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கரையில் உட்கார்ந்து, மண்புழு கோர்த்து, உங்கள் குட்டையில் எந்த மூலையில் எந்த மீன் நிற்கிறது என்று பழகுங்கள். கயிறும் டயரும் கட்டுங்கள், பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுங்கள். அடுத்த தைக்குள் குட்டை உங்களுக்குப் பழகியிருக்கும். அப்போது படகு வாங்கலாம்.