மட்டையில் ஒட்டிய பெயர்

"நல்ல சரக்குக்கு விளம்பரம் எதற்கு?" என்று என் தாத்தா அடிக்கடி கேட்பார். அதற்கு விடை தேடினேன், கிரிக்கெட்டில் கிடைத்தது.

1996-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் சச்சின் டெண்டுல்கர் 523 ஓட்டங்கள் குவித்து முதலிடம் பெற்றார். அப்போது அவருடைய மட்டையில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. பின்னர்தான் சென்னை எம்.ஆர்.எஃப். நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் செய்தது. 1946-இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கி, டயர்த் தொழிலில் வளர்ந்த நிறுவனம் அது. விரைவில் அந்த மூன்றெழுத்தைத் தெருச் சிறுவர்களும் தங்கள் மட்டையில் எழுதிக்கொண்டனர்.

இதன் சூட்சுமம் என்ன? சந்தைக்குப் புதிதாக வரும் பொருளை யாருக்கும் தெரியாது. ஆட்டக்காரரை எல்லோருக்கும் தெரியும். அவர்மீது மக்களுக்குள்ள நம்பிக்கையை நிறுவனம் பணம் கொடுத்துப் பெறுகிறது. வளரும் வீரருக்கு அப்பணம் பயிற்சிக்கும் பயணத்துக்கும் உதவுகிறது. ஆனால் அச்செலவும் பொருளின் விலையில் சேர்ந்து நம்மிடமே வருகிறது.

நம் திருப்பூரில் துணி பின்னி, சாயமேற்றி, வெட்டி, ஓவர்லாக் அடித்து, செக்கிங் முடித்து அனுப்பும் பனியன்களில் பல, வெளிநாட்டு லேபிளோடு போகின்றன. தைத்தவர் பெயர் அதில் இராது. என் அம்மாவும் அப்படித் தைப்பவர்தான். கடையில் துணி எடுக்கும்போது அவர் லேபிளைப் பார்ப்பதில்லை. உள்பக்கம் திருப்பித் தையலைத்தான் பார்ப்பார்.

தோழியரே, பெயரைக் கண்டு மயங்காமல், நாமும் ஒருமுறை திருப்பிப் பார்த்து வாங்குவோமா?