பூசணம் படித்தவர்கள்: அன்றும் இன்றும்

ஆரணியில் பூசணத்துக்கு நல்ல பெயர் இருந்ததே கிடையாது. ஐப்பசி அடைமழையில் குழித்தறிக்குள் ஈரம் ஏறும். பீரோவில் மறந்துபோன பட்டின் மடிப்பில் சாம்பல் புள்ளி விழும். நூல் பிறக்கும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். ஆரணித் தறிகளுக்குக் கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. அங்கே புழு வளர்ப்பவர்கள் அஞ்சும் நோய்களில் ஒன்று சுண்ணாம்புக்கட்டு. நோய் கண்ட புழு தழையைத் தொடாது. செத்த பிறகு அழுகாது; விறைத்து, ஓரிரு நாளில் உடம்பெல்லாம் வெள்ளை பூத்து, சாக்பீஸ் துண்டு போலக் கிடக்கும். அந்த மாவு அத்தனையும் வித்து. காற்றில் கிளம்பினால் மனையே காலி.

இதற்குக் காரணம் ஒரு பூஞ்சைதான் என்று 1835இல் எழுதியவர் இத்தாலியின் அகோஸ்தினோ பாஸ்ஸி. சட்டம் படித்தவர், பார்வை மங்கியவர். பாஸ்டர் பட்டுப்புழுவைக் கையில் எடுத்ததற்கு முப்பது ஆண்டு முந்தைய சங்கதி இது. அந்தப் பூஞ்சை இன்று அவர் பெயரால் பெவேரியா பேசியானா.

நம் பக்கம் பூசணப் படிப்புக்கு முகவரி சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறை. அங்கே டி.எஸ். சதாசிவனிடம் பயின்ற சி.வி. சுப்பிரமணியன், பெவேரியாவும் அடங்கிய ஹைஃபோமைசீட்ஸ் கூட்டத்தோடே வாழ்நாளைக் கழித்தார். ஒரு வித்து தன் காம்பில் எப்படி உருவாகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்து அதை வைத்தே இனம் பிரித்தவர். 1965இல் பட்நாகர் பரிசு, 1971இல் ‘ஹைஃபோமைசீட்ஸ்’ என்ற பெருநூல், 1973இல் இந்தியப் பூஞ்சையியல் சங்கம். உலகம் மதித்த ஆள்தான். ஆனால் அந்தக் காலத்தில் பூசணம் படிப்பதை ஒரு வேலை என்று சம்பந்தி வீட்டில் சொல்லிப் புரியவைத்திருக்க முடியுமா, சந்தேகம்.

இன்று அந்தச் சங்கடம் இல்லை. பட்டுப்புழுவைக் கொன்ற அதே பெவேரியா, பயிர்ப் பூச்சிகளைக் கொல்ல உரக்கடையில் பாக்கெட்டில் கிடைக்கிறது, மல்பெரித் தோட்டத்துப் பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது என்ற எச்சரிக்கையோடு. காளானும் பூஞ்சைதான். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998இல் ஏபிகே 2 பால் காளானை வெளியிட்ட பிறகு, நம் வெயிலிலும் காளான் விளையும் என்றானது. நெல்லும் அரிசி ஆலையுமாக இருக்கும் ஆரணிச் சுற்றுப்புறத்தில், காளான் வளர்க்க வைக்கோலுக்கா பஞ்சம்? பூசண விஞ்ஞானி இப்போது மகளிர் குழுக்கள் நடுவே நிற்கிறார். வேகவைத்த வைக்கோலைக் கையில் இறுக்கிக் காட்டுகிறார்: ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. கேள்விகள் பெரும்பாலும் கிலோ என்ன விலை போகும் என்பதிலேயே சுற்றும். அதில் தப்பில்லை.

குறை வேறு இடத்தில். உலகில் பெயர் வைத்த பூஞ்சைகள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். பெயரில்லாதவை அதைப்போலப் பல மடங்கு இருக்கும் என்பது கணிப்பு. வளர்க்கச் சொல்லித்தர ஆள் பெருகிய அளவுக்கு, உட்கார்ந்து பெயர் வைக்க ஆள் பெருகவில்லை. இனம் பிரித்துப் பெயர் வைக்கும் இந்தப் படிப்பு வெறும் ஏட்டுச் சரக்கும் இல்லை. காளான் பையில் பச்சையாகப் படரும் டிரைக்கோடெர்மா விளைச்சலைத் தின்றுவிடும். அதே குடும்பத்தின் இன்னொன்றைத்தான் விதை நேர்த்திக்கு அரசே பரிந்துரைக்கிறது. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒரே பச்சைதான்.