நம்பிக்கை உள்ளவர்களின் கண்ணீர்

விசுவாசமும் மரணமும் – 9

இரத்தசாட்சிகளை ஆதித் திருச்சபை எப்படி நினைவுகூர்ந்தது என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் நம் எல்லாருக்கும் நெருக்கமான மரணத்துக்கு வருவோம். வாழ்நாளெல்லாம் ஜெபித்து, பிறருக்கு உதவி, சபையை விட்டு விலகாமல் வாழ்ந்த ஒரு தாயோ தகப்பனோ காய்ச்சலில் படுத்து இறந்துபோகிறார். துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்க, அம்மா கர்த்தர்கிட்ட போயிட்டாங்க. விசுவாசிங்க அழலாமா?" என்கிறார்கள். அன்போடு சொல்லப்படும் சொல்தான் அது. ஆனால் அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: நம்பிக்கை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கண்ணீர் குறைய வேண்டும். இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்ட மகளோ மகனோ இழப்பைச் சுமப்பதோடு, தன் விசுவாசம் பழுதோ என்ற சந்தேகத்தையும் சேர்த்துச் சுமக்க நேர்கிறது. இந்தக் கணக்கு தவறு என்பதே என் வாதம். வேதம் அதைப் போதிக்கவில்லை. திருச்சபையின் மாபெரும் சிந்தனையாளர் ஒருவர் அதன்படி நடக்க முயன்று தோற்று, பின்னர் அதைக் கைவிட்டிருக்கிறார்.

கி.பி. 50-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதிய முதல் நிருபம், புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று. அந்தச் சபை அப்போதுதான் தோன்றியிருந்தது. கர்த்தர் விரைவில் திரும்பி வருவார் என்று காத்திருந்தவர்களிடையே சிலர் இறந்துபோனார்கள். இறந்தவர்கள் அந்த வருகையின் மகிழ்ச்சியை இழந்துவிடுவார்களோ என்று உயிரோடிருந்தவர்கள் கலங்கினார்கள். நான்காம் அதிகாரத்தில் பவுல் இந்தக் கலக்கத்துக்குத்தான் பதில் சொல்கிறார். நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போல நீங்கள் துக்கிக்க வேண்டாம் என்பது அவர் அறிவுரையின் சாரம். துக்கமே கூடாது என்று நினைத்திருந்தால் அதோடு நிறுத்தியிருப்பார். ஒரு விதமான துக்கத்தைத்தான் அவர் விலக்குகிறார். மற்றொரு விதத்துக்கு இடம் விடுகிறார். கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள், அதன்பின் எல்லாரும் ஒன்றாய்க் கர்த்தரோடு இருப்போம் என்று சொல்லி, இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடிக்கிறார். அழவே கூடாதவர்களுக்குத் தேற்றரவு எதற்கு?

பவுல் சொன்ன 'மற்றவர்களின்' துக்கம் எப்படி இருந்தது என்பதைக் காட்ட ஒரு சான்று கிடைத்திருக்கிறது. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்னும் பழைய ஊரின் குப்பைமேடுகளைத் தோண்டியபோது ஆயிரக்கணக்கான பாப்பிரஸ் ஏடுகள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று, 2-ஆம் நூற்றாண்டில் ஐரீன் என்ற பெண், ஒருவரை இழந்த தம்பதிக்கு எழுதிய சிறு இரங்கல் கடிதம். உங்களுக்காக நானும் அழுதேன், செய்ய வேண்டியதையெல்லாம் என் வீட்டாரும் செய்தார்கள், ஆனாலும் இப்படிப்பட்டவற்றுக்கு எதிராக யாராலும் எதுவும் செய்ய முடியாது, ஆகவே உங்களை நீங்களே தேற்றிக்கொள்ளுங்கள் என்கிறாள். அவள் அன்பில் குறையே இல்லை. அவளுடைய கடிதமும் பவுலின் பகுதியும் கிட்டத்தட்ட ஒரே அறிவுரையில்தான் முடிகின்றன. இருவருடைய 'ஆகவே'யும் எங்கிருந்து பிறக்கிறது என்பதில்தான் வேறுபாடு. ஐரீனின் 'ஆகவே' கையறு நிலையிலிருந்து வருகிறது. செய்வதற்கு ஒன்றுமில்லை, அதனால் ஆறிக்கொள்ளுங்கள். பவுலின் 'ஆகவே', இயேசு மரித்து எழுந்தார் என்ற அறிவிப்பிலிருந்து வருகிறது. கடவுள் ஒன்றைச் செய்திருக்கிறார், இன்னும் செய்வார், அதனால் தேறுங்கள். அழுகை இரு பக்கமும் உண்டு. அது எதன்மேல் சாய்ந்திருக்கிறது என்பதே வேறு.

பவுலின் சொந்த வாழ்க்கையும் இதற்குச் சாட்சி. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில், எனக்குச் சாவு ஆதாயம் என்கிறார். அதே நிருபத்தின் அடுத்த அதிகாரத்தில், தோழன் எப்பாப்பிரோதீத்து மரணத் தறுவாய் வரை போய்ப் பிழைத்ததைச் சொல்லும்போது, தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வராதபடி கடவுள் இரங்கினார் என்று நன்றி கூறுகிறார். சாவு ஆதாயம் என்று முழு மனதோடு நம்பியவர், நண்பனின் சாவு தனக்குத் தாங்க முடியாத துக்கமாக இருந்திருக்கும் என்று வெட்கமில்லாமல் எழுதுகிறார். போகிறவருக்கு ஆதாயம், நிற்கிறவருக்கு இழப்பு; இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ஸ்தேவானைத் தூக்கிச் சென்று அடக்கம் செய்த தேவபக்தியுள்ள மனிதர் அவனுக்காக மிகவும் புலம்பினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் பதிவு செய்கிறது. வானம் திறந்திருக்கக் கண்டேன் என்று சொல்லிவிட்டு இறந்தவன் ஸ்தேவான். அவன் எங்கே போனான் என்பதில் அவர்களுக்கு ஐயமே இருந்திருக்காது. லாசருவைச் சில நிமிடங்களில் எழுப்பப்போகிற இயேசுவே கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். பிரிவு குறுகியது என்ற அறிவு கண்ணீரை வீணாக்கிவிடும் என்றால், அந்தக் கண்ணீரைப் போல வீணானது வேறொன்றும் இருக்க முடியாது.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: திருச்சபைப் பிதாக்களே அழ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களே? உண்மைதான். 3-ஆம் நூற்றாண்டின் நடுவில் கொள்ளைநோய் பரவியபோது கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், வெள்ளுடை பெற்றுவிட்டவர்களுக்காக நாம் கறுப்பு உடுத்தலாமா என்று தன் மக்களைக் கேட்டார். ஊரெல்லாம் பிணம் விழுந்துகொண்டிருக்க, அச்சத்தில் உறைந்த சபையை நிமிர்த்தச் சொன்ன சொல் அது. அந்த நேரத்துக்கு அது தேவைப்பட்டிருக்கும். அதையே எல்லாக் காலத்துக்கும் எல்லா வீட்டுக்கும் விதியாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு, அதே வட ஆப்பிரிக்காவில் பிறந்த இன்னொருவரின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும்.

அகஸ்டின் தன் 'ஒப்புதல்கள்' நூலில் இரண்டு மரணங்களை எழுதியிருக்கிறார். முதலாவது, தகாஸ்தே ஊரில் அவர் இளம் ஆசிரியராக இருந்தபோது நேர்ந்த நண்பனின் மரணம். அப்போது அவர் மானிகேய சமயத்தவர். கண்ணில் பட்டதெல்லாம் மரணமாகவே தெரிந்தது. சொந்த ஊர் சித்திரவதையாயிற்று. கடைசியில் ஊரையே விட்டு கார்த்தேஜுக்குப் போனார். கடவுளை நம்பு என்று தன் ஆன்மாவுக்குக் கட்டளையிட்டதாகவும், அது கீழ்ப்படியவில்லை என்றும், கீழ்ப்படியாதது சரியே என்றும் பின்னாளில் எழுதினார். நம்பச் சொன்ன அந்தக் கற்பனைத் தெய்வத்தைவிட இழந்த நண்பன் உண்மையானவனாக இருந்தான் என்பது அவர் சொன்ன காரணம். இரண்டாவது, தாய் மோனிக்காவின் மரணம். 387-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் மிலான் நகரில் திருமுழுக்குப் பெற்றுவிட்டு, ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற ஓஸ்தியாவில் காத்திருந்தபோது தாய் காய்ச்சலில் விழுந்தார். ஒன்பதாம் நாள், 56 வயதில் இறந்தார். அகஸ்டின் தாயின் கண்களை மூடினார். பேரன் அடியோடேட்டஸ் வாய்விட்டு அழ, சுற்றியிருந்தவர்கள் அவனை அடக்கினார்கள். நண்பர் எவோடியஸ் சங்கீதம் பாடத் தொடங்கினார். மோனிக்கா துன்பமாகச் சாகவுமில்லை, முற்றிலும் சாகவுமில்லை, ஆகவே புலம்பல் பொருந்தாது என்று அவர்கள் கருதினார்கள்.

அகஸ்டின் அடக்கத்துக்குப் போய்க் கண்ணீரின்றித் திரும்பினார். வெந்நீர்க் குளியல் மனப்பாரத்தைப் போக்கும் என்று கேள்விப்பட்டு அதையும் செய்துபார்த்தார், பயனில்லை. தூங்கி எழுந்து, படுக்கையில் தனியே கிடந்தபடி அம்புரோசின் மாலைப் பாடலை நினைத்துக்கொண்டபோதுதான், பிடித்து வைத்திருந்த கண்ணீரை ஓடவிட்டார். அந்த அழுகை அவருக்கு இளைப்பாறுதலாக இருந்தது. இரண்டு மரணங்களிலும் அழுகை உண்டு. முதல் அழுகை அவரை ஊரைவிட்டே விரட்டியது. இரண்டாவது கடவுளின் சந்நிதியில் நிகழ்ந்து ஜெபமாக மாறியது. இடையில் கூடியது நம்பிக்கை. அந்த நம்பிக்கை கண்ணீரை வற்றச் செய்யவில்லை. அழுவதற்கு ஓர் இடத்தைக் கொடுத்தது.

ஆனால் அதே பக்கங்களில் அகஸ்டின் தன் அழுகையைக் குறையாக அல்லவா அறிக்கையிடுகிறார்? ஆம். தனக்காகப் பல ஆண்டுகள் அழுத தாய்க்காகச் சிறிது நேரம் அழுததை யாராவது பாவமாகக் கண்டால் ஏளனம் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். பழைய கணக்கின் கூச்சம் அவரிடம் இன்னும் இருந்தது. பிற்கால அகஸ்டின் அந்தக் கூச்சத்தைத் தாண்டிவிட்டார். 413-க்கும் 426-க்கும் இடையில் எழுதிய 'கடவுளின் நகரம்' நூலின் 19-ஆம் பகுதியில், நண்பர்களின் சாவுக்காகத் துக்கிக்கக் கூடாது என்பவர் முதலில் நட்பின் உரையாடலையே தடைசெய்யட்டும் என்று வாதிடுகிறார். உயிரோடு இருந்தபோது இனித்தது, இறந்தபின் கசக்காமல் இருக்க முடியுமா? கார்த்தேஜில் திருத்தொண்டராக இருந்த திமொத்தேயு இறந்தபோது, அவருக்காகத் தான் செய்திருந்த அங்கியை அகஸ்டின் உடுத்த வேண்டும் என்று சகோதரி சபிதா அனுப்பிவைத்தார். பிறர் தரும் உயர்ந்த உடைகளைத் தமக்கென வைத்துக்கொள்ளத் தயங்கிய அந்த ஆயர், இதை ஏற்று உடுத்திக்கொண்டு பதில் எழுதினார். அண்ணன் தம்பிக்காக அழுவது இயல்பு, அதற்காக வெட்கப்பட வேண்டாம் என்றார். அந்த அன்பு அழியவில்லை, கிறிஸ்துவிடம் காக்கப்பட்டிருக்கிறது என்றார். துக்கிக்கிறவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இனி இறந்தவரின் பக்திக்கு வருவோம். "எவ்வளவு நல்ல விசுவாசி! அவருக்கு மோட்சம் இல்லாமல் யாருக்கு?" என்று நாம் ஆறுதல் சொல்கிறோம். இதில் நன்றி இருக்கிறது. ஆனால் நம்பிக்கையை இறந்தவரின் நற்குணத்தின்மேல் நிறுத்தும் ஆபத்தும் இருக்கிறது. மிக நெருங்கி வாழ்ந்த பிள்ளைகளுக்கு அவருடைய கோபமும் குறைகளும் தெரியும். இரவில் அவை நினைவுக்கு வரும்போது அந்த ஆறுதல் ஆட்டம் காணும். அகஸ்டின் இங்கே தெளிவாக இருந்தார். தாயின் புண்ணியங்களை மகிழ்ச்சியோடு எண்ணிப் பார்த்துவிட்டு, அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்து, தாயின் பாவங்களுக்காக மன்னிப்புக் கேட்கிறார். நீதியை இரக்கம் மேற்கொள்ளட்டும் என்று வேண்டுகிறார். இறந்தோருக்காக ஜெபிப்பதில் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்த சபையினருக்கும் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த ஜெபத்தின் அடித்தளத்தில் இருவரும் ஒன்றுபடலாம்: இறந்தவர் உண்மையுள்ளவராக இருந்தது பெரிய கொடை, அவரை அழைத்தவர் உண்மையுள்ளவராக இருப்பதே நம் நம்பிக்கை.

கடைசி மறுப்புதான் கனமானது. இதெல்லாம் ஏக்கம் பெற்றெடுத்த கற்பனையே என்று 1927-இல் வெளியான 'ஒரு மாயையின் எதிர்காலம்' நூலில் சிக்மண்ட் ஃப்ராய்ட் வாதிட்டார். திரும்பச் சந்திக்க ஆசைப்படுகிறோம், ஆகவே சந்திப்போம் என்று நம்புகிறோம். ஒன்றை விரும்புவதால் அது உண்மையாகிவிடாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே நியாயப்படி, விரும்புவதால் அது பொய்யாகிவிடவும் செய்யாது. பவுல் தன் நம்பிக்கையை ஆசையின்மேல் கட்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சிலுவை மரணத்துக்குச் சுமார் கால் நூற்றாண்டுக்குள் எழுதிய கொரிந்தியர் முதல் நிருபத்தில், உயிர்த்த கிறிஸ்துவைக் கண்ட ஐந்நூறு பேருக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். கிறிஸ்து எழவில்லையென்றால் எங்கள் விசுவாசம் வீண், எங்களைவிடப் பரிதாபத்துக்குரியவர் யாருமில்லை என்றும் சொல்கிறார். வெறும் ஆறுதலைத் தேடுகிறவர் அதைத் தகர்க்கும் வழியைத் தானே எடுத்துக் கொடுக்கமாட்டார். இது நிரூபணமாகாது, சாட்சியம் மட்டுமே. ஏற்பதும் மறுப்பதும் கேட்பவர் கையில். ஆனால் துக்கத்தில் இருக்கிறவர் எந்த ஆறுதலையும் விழுங்கிவிடுவார் என்பது உண்மையல்ல. தகாஸ்தேயில் துடித்துக்கொண்டிருந்த அகஸ்டின், கிடைத்த ஆறுதல் போலி என்று கண்டு அதை மறுத்தவர்தானே?

ஆகவே துக்க வீட்டில் நாம் சொல்லும் சொல்லை மாற்றிக்கொள்வோம். அழாதே என்பதற்குப் பதிலாகக் கூட உட்கார்ந்து அழுவோம். இறந்தவரின் பெயரைச் சொல்லி நன்றி கூறுவோம். அடக்க ஆராதனை முடிந்து, உறவினர்கள் ஊர் திரும்பி, வீடு வெறிச்சோடிய வாரங்களில் மறுபடியும் போவோம்; ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்ற கட்டளை அப்போதுதான் மிகவும் தேவைப்படுகிறது. உயிர்த்தெழுதலை நம்புகிற சபை, அழுகிறவரைக் கண்டு பதறத் தேவையில்லை. அவர் அழுது முடிக்கும்வரை காத்திருக்க அதற்கு நேரம் இருக்கிறது.

வயது நிறைந்து, விசுவாசத்தில் முதிர்ந்து இறப்பவர்களைப் பற்றி இவ்வளவு சொல்லலாம். பாட்டிக்காக அழுத அடியோடேட்டஸ், அடுத்த சில ஆண்டுகளிலேயே, பதின்பருவம் முடியுமுன் இறந்துபோனான். அப்படிப்பட்ட மரணங்களின் முன்னால் இந்த நம்பிக்கை நிற்குமா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)