தலையாட்டி பொம்மை என்ன சொல்கிறது?

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு ராஜா பொம்மை வாங்கினேன். தொந்தி, முறுக்கு மீசை, சிவப்புச் சட்டை. திருவையாற்றுப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய் அண்ணன் மகளிடம் கொடுத்தேன். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பொம்மையைப் படுக்கவைத்தாள், எழுந்தது. மறுபடியும் படுக்கவைத்தாள், மறுபடியும் எழுந்தது.

“எத்தனை தடவை தள்ளினாலும் எந்திரிச்சிருது சித்தப்பா! இதைக் கணக்கு நோட்டுப் பக்கத்துல வச்சுக்கப் போறேன். மார்க் குறைஞ்சா பார்த்துக்குவேன்.”

திண்ணையில் இருந்த தாத்தாவுக்குச் சிரிப்பு. “அடப் போ பாப்பா. யாரு தட்டினாலும் தலையை ஆட்டுற பய அவன். எங்க பழைய பிரசிடெண்டு அப்படித்தான் இருந்தாரு.”

பொம்மை ஒன்றுதான். ஒரு நிமிடத்துக்குள் அது பேத்திக்குத் துணிச்சல்காரனாகவும் தாத்தாவுக்கு ஆமாம்சாமியாகவும் ஆகிவிட்டது. யார் சொல்வது சரி?

முதலில் பொம்மையின் வயிற்றுக்குள் பார்ப்போம். மேல்பாகம் காகிதக் கூழ், இலேசானது. அடிப்பாகம் அரைப் பந்து மாதிரி உருண்டை, அதற்குள் களிமண்ணின் கனம். ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் சேர்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டால் அந்தப் புள்ளிக்குப் பெயர் ஈர்ப்பு மையம். இந்தப் பொம்மைக்கு அது மிகவும் கீழே, உருண்டையின் நடுப்புள்ளியையும் விடத் தாழ்ந்து கிடக்கிறது. பொம்மையைச் சாய்த்தால் அந்தப் புள்ளி கொஞ்சம் மேலே ஏறும். ஏறியதைப் பூமி கீழே இழுக்கும். கீழே வர ஒரே வழி பொம்மை நிமிர்வதுதான்.

நீங்களே செய்யலாம். கண் இல்லாத பாதிக் கொட்டாங்கச்சியை எடுத்து, அதன் உள்ளே, அடியில் ஒரு பிடி களிமண்ணை அப்புங்கள். மேலே காகிதக் கூம்பை ஒட்டினால் ராஜா தயார். பிறகு அதே களிமண்ணைச் சுரண்டி எடுத்துக் கூம்பின் உச்சியில் வைத்துப் பாருங்கள். ராஜா குப்புற விழுவார், எழமாட்டார்.

இயற்பியல் இவ்வளவுதான் சொல்லும். அதற்குத் துணிச்சலும் தெரியாது, ஜால்ராவும் தெரியாது. அப்படியென்றால் தாத்தாவும் பேத்தியும் பார்த்த பொருள் எங்கிருந்து வந்தது? களிமண்ணில் தேடினால் கிடைக்காது. அவரவர் தலைக்குள்தான் தேட வேண்டும்.

(தாத்தாவின் தலைக்குள் இருந்தது வேறு பொம்மையாகக்கூட இருக்கலாம். தஞ்சாவூரில் ஆட்டக்காரி பொம்மை ஒன்று உண்டு. தலை தனி, உடம்பு தனி, பாவாடை தனியாக ஒன்றன்மேல் ஒன்று ஊசலாடும். தட்டினால் நிஜமாகவே தலையை ஆட்டும். இரண்டையும் நாம் தலையாட்டி பொம்மை என்றே சொல்லிவிடுகிறோம்.)

பொம்மையை விடுங்கள், ‘தண்ணி வந்துருச்சு’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைத் தெருவில் யாராவது இப்படிக் கத்தினால் எல்லோரும் பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரியைப் பார்த்து ஓடுவார்கள். எங்கள் ஊரில் ஜூன் மாதம் யாராவது கத்தினால் மேட்டூரில் திறந்த காவிரி கல்லணையைத் தாண்டி வாய்க்காலுக்கு வந்துவிட்டது என்று பொருள். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. ஜூன் 12-இல் அதைத் திறப்பது வழக்கம், அணையில் போதிய நீர் இருந்தால். தாத்தா நாற்றங்காலைப் பற்றி நினைப்பார். பேத்திக்கோ காய்ந்த ஆற்று மணலில் இருந்த கிரிக்கெட் மைதானம் போச்சே என்று வருத்தம்.

அந்தத் தண்ணீர் காய்ந்த மண்ணில் ஏறும்போது ஒரு வாசனை வருமே, கவனித்திருக்கிறீர்களா? மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிரிகள் செய்யும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள்தான் அதற்கு முக்கியக் காரணம். லட்சம் கோடித் துளி நீரில் ஒரு சில துளி கலந்திருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். கண்ணும் காதும் அனுப்பும் செய்தி மூளையில் தலாமஸ் என்ற சந்திப்பைக் கடந்துதான் மற்ற இடங்களுக்குப் போகும். வாசனைக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. உணர்ச்சியோடு தொடர்புள்ள, பாதாம் பருப்பு வடிவ அமிக்டலாவையும், நினைவுகளைச் சேர்த்துவைக்க உதவும் ஹிப்போகேம்பஸையும் அது சீக்கிரமே எட்டிவிடும். அதனால்தான் ஒரு வாசனை வந்ததும் எப்போதோ நடந்தது பளிச்சென்று வந்து நிற்கிறது. எனக்கு அந்த வாசனை வந்தால் பள்ளிக்கூடம் திறக்கும் பயம் வரும். வேதிப்பொருளில் பயம் இல்லை. ஜூன் மாதத்தில் இரண்டும் சேர்ந்தே வந்ததால் மூளை அவற்றை முடிச்சுப் போட்டுவிட்டது.

கதை படிக்கும்போதும் இதே வேலை நடக்கிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் இருந்தார். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஒரு கதையைப் படிக்கக் கொடுத்து, பிறகு அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவர் 1932-இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தச் சோதனை இருக்கிறது. கதையில் வந்த ஓடம், படித்தவர்களின் வாயில் சாதாரணப் படகாக மாறியது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாக ஆனது. புரியாத ஆவிகள் மெல்லக் காணாமல் போயின. யாரும் பொய் சொல்லவில்லை. தங்களுக்குப் பழக்கமான பொருள்களை வைத்துக் கதையைத் தங்களை அறியாமலே திருப்பிக் கட்டிவிட்டார்கள்.

பார்ட்லெட்டுக்கு ரொம்ப காலம் முன்பே நம் புலவர்கள் இந்த வித்தையைத் தெரிந்துவைத்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றும். சோதனை செய்து அல்ல, பயன்படுத்திப் பார்த்து.

வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். நம் காவிரிப் பக்கம் முழுக்க மருதம்தான். குறுந்தொகையில் எட்டாவது பாட்டு மருதப் பாட்டு. ஆலங்குடி வங்கனார் எழுதியது. வயலோரம் ஒரு மாமரம். பழுத்த பழம் தானாக உதிர்ந்து குளத்தில் விழுகிறது. குளத்து வாளைமீன் அதைக் கவ்விக்கொள்கிறது. இப்படிப்பட்ட ஊர்க்காரன் ஒருவனைப் பற்றி ஒரு பெண் பேசுகிறாள்.

மாம்பழமும் மீனும் எதற்கு? பாட்டு சொல்லாது. நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாளை மரம் ஏறியதா, கல்லெறிந்ததா? இல்லை. சும்மா கிடந்ததற்குப் பழம் தானாக வந்து விழுந்தது. ‘அவனை நான் தேடிப் போகவில்லை, அவனாக வந்தான்’ என்று அந்தப் பெண் சொல்லாமல் சொல்கிறாள் என்பது படித்தவர்கள் கண்ட பொருள். இப்படி உள்ளே மறைத்துவைப்பதற்குத் தொல்காப்பியம் உள்ளுறை என்று பெயர் வைத்திருக்கிறது. அந்த நிலத்து மரம், மீன், பறவை இவற்றை வைத்துத்தான் உள்ளுறை சொல்ல வேண்டும், தெய்வத்தை வைத்துச் சொல்லக் கூடாது என்று விதியும் உண்டு. குளமும் வாளையும் தெரிந்தவனுக்குப் பூட்டு சட்டென்று திறக்கும். பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திய உ.வே. சாமிநாதையர் 1937-இல் குறுந்தொகையை உரையோடு பதிப்பித்தார். மாமரமும் குளமும் அவர் ஊர்ப்பக்கத்துச் சங்கதி அல்லவா!

எந்தப் பொருளை வேண்டுமானாலும் சொல்லிவிடலாமா? பேத்தியிடம் கேட்டபோது, “வாளை டயட்டுல இருக்கு சித்தப்பா, பழம் மட்டும்தான் சாப்பிடும்” என்றாள். நல்ல கற்பனை. ஆனால் பாட்டின் மிச்சத்தோடு அது ஒட்டவில்லை. பாட்டிலும் ஓர் ஈர்ப்பு மையம் இருக்கிறது, ரொம்பச் சாய்த்தால் நிமிர்ந்துகொள்ளும்.

அந்தப் பாட்டின் மிச்சம் என்ன தெரியுமா? நம்மிடம் வந்து பெரிய பேச்சுப் பேசும் அந்த ஆள், தன் வீட்டில் மனைவி முன்னால் கண்ணாடியில் தெரியும் பாவை மாதிரி என்கிறாள் அந்தப் பெண். நாம் கையைத் தூக்கினால் கண்ணாடிப் பாவையும் தூக்கும், காலைத் தூக்கினால் அதுவும் தூக்கும். தாத்தாவிடம் சொன்னேன். “பார்த்தியா? நான் சொன்னதைச் சங்கப் புலவனும் சொல்லியிருக்கான்!” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பேத்தி விடுவாளா? வீட்டுப் பரணில் இருந்து என் பழைய பொம்மையைத் தேடி எடுத்து வந்தாள். ஒரு அடைமழைக் காலத்தில் ஈரம் ஏறி, அடியில் ஒரு பக்கத்துக் களிமண் பெயர்ந்துபோன பொம்மை. கனம் மறுபக்கம் ஒதுங்கிவிட்டதால் நேராக நிற்காது. தள்ளினால் ஆடி ஆடிப் பாதியில் சாய்ந்தபடியே நின்றுவிடும். தாத்தா அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நானும் அது கெட்டுப்போனது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

அவள் அதைத் திண்ணையில், தாத்தாவின் பக்கம் சாய்கிற மாதிரி திருப்பி வைத்தாள்.

“இது தாத்தா பேசுறதை ஒட்டுக் கேக்குது.”